சூடு போகும் வழி

தில்லி வெயிலைப் பற்றி இந்த இதழைப் படிக்கும் அன்பர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஏப்ரல் பிறந்ததும் விடுதிச் சுவர்கள் அடுப்புக் கல்லாகி விடுகின்றன. மே மாதத்தில் மேற்கிலிருந்து ‘லூ’ என்னும் அனல்காற்று வீசத் தொடங்கினால், கோவில்பட்டிக் கரிசலில் பிறந்து வளர்ந்த என்னைப் போன்றவனும் வாயடைத்துப் போகிறான். நமக்காவது போக்கிடம் உண்டு. மண்பானைத் தண்ணீரைத் தேடுகிறோம்; கூலர் உள்ள நண்பன் அறையில் போய்ப் பாயை விரிக்கிறோம். அறை மூலையில் இரவு பகலாக உழைக்கும் கணிப்பொறி எங்கே போகும்? தன் சூட்டைத் தானே வெளியேற்றிக்கொள்ள வேண்டும். வழி அடைபட்டால் அடங்கிவிட வேண்டும். சென்ற கோடையில் எங்கள் அறைக் கணிப்பொறிக்கு அந்த நிலை நேர்ந்தது. அது பிழைத்த விதத்தை எழுதி வைத்தால் வேறு சிலருக்கும் பயன்படக்கூடும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்தக் கணிப்பொறிக்கு ஒரு குலவரலாறு உண்டு. 2017 ஆம் ஆண்டில் வேதியியல் பயின்ற திருச்சிக்காரர் ஒருவர், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்தில், நேரு பிளேஸ் கடைத்தெருவில் உறுப்பு உறுப்பாக வாங்கிப் பூட்டியது அது. படிப்பு முடிந்து போகையில் அவர் அதை விற்கவில்லை. அடுத்து வந்த தமிழ் மாணவருக்கு விட்டுச் சென்றார். அவர் அதற்கடுத்தவருக்கு. நான் ஐந்தாம் வாரிசு. என் ஆய்வு வேலை ஓடுவது அதில்தான். சொந்தக் கணிப்பொறி இல்லாத இளைய மாணவர் இருவர் தம் கட்டுரைகளைத் தட்டச்சுச் செய்வதும் அதில்தான்.

எம்.எஸ்ஸி. இறுதியாண்டில் எனக்கு வாய்த்த ஆய்வுப் பொருள், ஒரு புரத மூலக்கூறு நீருக்குள் எவ்வாறு அசைகிறது என்பது. புரதமும் அதைச் சூழ்ந்த நீரும் சேர்ந்து ஏறத்தாழ 40,000 அணுக்கள். ஒவ்வோர் அணுவின்மேலும் மற்றவை செலுத்தும் விசையைக் கணக்கிட்டு, எல்லா அணுக்களையும் 2 ஃபெம்டோ வினாடி நேரத்துக்கு நகர்த்தி, மறுபடியும் விசையைக் கணக்கிட வேண்டும். ஒரு வினாடியைக் கோடியால் வகுத்து, வந்ததை மீண்டும் கோடியால் வகுத்து, பின்னும் பத்தால் வகுத்தால் கிடைப்பது ஒரு ஃபெம்டோ வினாடி. இந்த நடையில் 100 நானோ வினாடி அசைவைக் காண 5 கோடி அடி எடுத்து வைக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்ததோ 600 நானோ வினாடி. இந்தக் கணக்குக்கு ‘குரோமேக்ஸ்’ என்னும் நிரல் உதவுகிறது. நெதர்லாந்து நாட்டின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் 1990-களின் தொடக்கத்தில் உருவாகத் தொடங்கிய இந்நிரல், யாவர்க்கும் இலவசமாகக் கிடைக்கிறது.

இத்தனை கோடிக் கணக்கையும் போடுவது கிராபிக்ஸ் கார்டு. விளையாட்டுப் படங்களைத் திரையில் தீட்டுவதற்கென்று பிறந்தது அது. திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே வகைக் கணக்கை ஒரே நேரத்தில் போட, ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு கணக்கர்கள் அதனுள் உட்கார்ந்திருக்கிறார்கள். படப்புள்ளியைக் கொடுத்தாலும் அணுவைக் கொடுத்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான். எங்கள் கார்டு 2016 இல் வெளிவந்த இனம். முழு வேகத்தில் 120 வாட் மின்சாரம் உண்பது. உண்ட மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகவே வெளிவர வேண்டும். அதில் பெரும்பகுதி பிறக்கும் சில்லின் பரப்பு சுமார் 2 சதுர சென்டிமீட்டர். நம் கட்டைவிரல் நகத்தளவு. நூறு வாட் என்று வைத்துக்கொண்டாலும் சதுர சென்டிமீட்டருக்கு 50 வாட். நாம் துணி தேய்க்கும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தகட்டை 150 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், அதில் சதுர சென்டிமீட்டருக்கு 7 வாட் கூட இல்லை. இஸ்திரிப் பெட்டியைவிட ஏழு மடங்கு செறிந்த சூடு, நகத்தளவு இடத்தில்! அதைக் கணந்தோறும் அப்புறப்படுத்தாவிட்டால் என்ன ஆகும்?

ஏப்ரல் இறுதியில் நோய் வெளிப்பட்டது. வேலை ஓடும்போது விசிறிகள் விமானம் கிளம்புவதுபோல் இரைந்தன. வெப்பநிலை காட்டும் நிரலைப் பார்த்தால் 92 டிகிரி. இவ்வினக் கார்டுகள் 83 டிகிரியை நெருங்கியதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும் இயல்புடையவை. நாளொன்றுக்கு 45 நானோ வினாடி ஓடிய கணக்கு 28 ஆகத் தளர்ந்தது. நள்ளிரவில் கணிப்பொறியே அணைந்து போவதும் தொடங்கிற்று. குரோமேக்ஸ் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தன் நிலையைக் கோப்பில் குறித்து வைப்பதால், விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது. ஆய்வேட்டைக் கொடுக்க இருந்ததோ 22 நாள். 600-ஐ 28 ஆல் வகுத்துப் பாருங்கள். இடையில் ஒரு முறையும் அணையாவிட்டாலே 21 நாளுக்கு மேல் ஆகும். முடிவுகளை ஆராய்வது எப்போது? எழுதுவது எப்போது?

கார்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு நேரு பிளேஸ் போனேன். ஒரு கடைக்காரர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “கார்டு கதம் ஹோ கயா, பாயி. நயா லே லோ” என்றார். ‘தீர்ந்தது, புதிது வாங்கு’ என்ற தீர்ப்பு. புதியது 17,000 ரூபாய்; பழையதில் தேறியது வேண்டுமானால் 8,000. கோவில்பட்டியில் மோட்டார் காயில் கட்டும் என் தந்தையார் மாதந்தோறும் எனக்கு அனுப்புவது 7,000. விடுதிக்குத் திரும்பியதும், மற்றொரு நண்பர் கார்டை அடுப்பிலிட்டு வாட்டினால் உயிர் வரும் என்றார். உள்ளே விட்டுப்போன பற்றவைப்பு இளகிச் சேரட்டும் என்று சிலர் செய்யும் வேலை அது. ஈயம் கலவாத பற்றாசு இளகவே 217 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கும் மின்தேக்கிகளும் என்ன பாடுபடும்! அன்றியும் எங்கள் கார்டு செத்த கார்டு அன்று; கணக்குப் போடும் கார்டு. சாகாதவனுக்கு எதற்குச் சஞ்சீவி?

அன்றிரவு வீட்டுக்குப் பேசும்போது செய்தியைச் சொன்னேன். கணிப்பொறி பற்றி என் தந்தையார் அறியார். ஆனால் சூடாகும் பொருள்களோடு முப்பது ஆண்டு வாழ்ந்தவர்.

“ஏலே, மோந்து பாத்தியா? கருகுன வாடை அடிக்குதா?” என்று கேட்டார்.

“இல்லப்பா.”

“பொறவு என்ன? காயில் கருகலைன்னா மோட்டார் சாகலைன்னு அர்த்தம். சூடு எங்கன நிக்கின்னு பாரு. உள்ள நிக்கா, வெளிய வந்து நிக்கான்னு மொதல்ல பாரு.”

அந்தக் கேள்விதான் முழு மருத்துவமும் என்பதை மறுநாள் கண்டேன்.

முதல் சோதனை, கணிப்பொறியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு ஓட விடுவது. சூடு வெகுவாக இறங்கினால் பெட்டிக்குள் காற்றோட்டம் இல்லை என்று பொருள். எங்களுக்கு 4 டிகிரிதான் இறங்கியது. ஆகவே பெருங்குறை கார்டிலேயே இருந்தது. அடுத்த சோதனை, சூடு ஏறும் வேகத்தைக் கவனிப்பது. வேலை தொடங்கிப் பல நிமிடங்களில் மெல்ல மெல்ல ஏறினால், வெப்பம் உலோகச் சிறகுகள்வரை வந்துவிட்டது, அங்கிருந்து காற்றுக்குப் போக முடியவில்லை என்று கொள்ளலாம். எங்கள் கார்டிலோ 45 டிகிரியிலிருந்து 80-க்குச் சில வினாடியிலேயே தாவியது. மூன்றாவது சோதனைக்கு விரலே போதும். நிரல் 90 காட்டும்போது அந்த அலுமினியச் சிறகுகளின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. சில்லு கொதிக்கிறது, சிறகு குளிர்ந்திருக்கிறது. சூடு உள்ளேயே நிற்கிறது! சில்லுக்கும் சிறகுக்கும் நடுவில் வழி அறுந்துவிட்டது.

அந்த நடுவில் இருப்பது ‘தெர்மல் பேஸ்ட்’ என்னும் களிம்பு. இரண்டு உலோகப் பரப்புகளைக் கண்ணாடிபோல் தேய்த்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தாலும், அவை உண்மையில் சில மேடுகளில் மட்டுமே தொடுகின்றன. மிஞ்சிய பள்ளமெல்லாம் காற்று. வெப்பத்தைக் கடத்தும் திறனில் செம்புக்கு 400 மதிப்பெண் என்றால் காற்றுக்கு 0.026 தான். களிம்புக்கு ஏறக்குறைய 5. செம்போடு ஒப்பிட்டால் களிம்பு ஏழைதான். ஆனால் காற்றைப்போல் இருநூறு மடங்கு வல்லது. பள்ளத்தில் புகுந்து காற்றை வெளியேற்றுவது ஒன்றே அதன் தொழில். ஆண்டுக்கணக்கில் சூடேறிச் சூடிறங்கி அதன் ஈரம் பிரிந்துவிட்டால் சுண்ணாம்புப் பொருக்காகிறது. பொருக்கில் வெடிப்பு, வெடிப்பில் மறுபடியும் காற்று.

அப்படியானால் குளிர்காலத்தில் மட்டும் எப்படி ஓடிற்று என்று கேட்கலாம். விசிறி வைத்துக் குளிர்விக்கும் எந்தப் பொருளும் அறைக் காற்றைவிடக் குளிர்ந்து போகாது. அறைக்கும் கார்டுக்கும் உள்ள வேறுபாடு 54 டிகிரி என்று கொள்வோம். ஜனவரியில் அறை 15 டிகிரி, கார்டு 69. ஒரு தொல்லையும் தெரியாது. ஏப்ரலில் அறை 38, கார்டு 92. நோய் என்றோ வந்துவிட்டது. வெயில் வந்து அதைக் காட்டிக் கொடுத்தது.

இனிச் செய்முறை. செலவு: தெர்மல் பேஸ்ட் 350 ரூபாய், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 150, மெத்தை ஒட்டு 200. மொத்தம் 700. கருவி: சிறு திருப்புளி, தூரிகை, ஆய்வுக்கூட வெர்னியர் அளவி. உதவியாள்: திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த முதலாண்டு மாணவர், கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு உடன் இருந்தார்.

மின்கம்பியைப் பிடுங்கிய பிறகு பொத்தானைச் சில வினாடி அழுத்தினால் மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தையும் விட்டுவிட வேண்டும். முதலில் தூசி. கூலருக்கு ஜன்னலைத் திறந்து வைக்கும் விடுதியில் எவ்வளவு தூசி சேரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சிறகுகளுக்கு இடையில் கம்பளி நெய்தது போலிருந்தது. காற்று ஊதும்போது விசிறி இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்வது அவசியம். ஊதும் வேகத்தில் அவை கண்டபடி சுழன்றால் தாங்கி தேயும். மோட்டாரே மின்னாக்கியாகி எதிர்மின்சாரம் பாயவும் கூடும். தூசி போனதும் ஓட்டிப் பார்த்தோம்: 84. பாதிக் கிணறுதான் தாண்டியிருந்தோம்.

பிறகு களிம்பு. கார்டைச் சிறிது நேரம் ஓட்டி இளஞ்சூட்டில் கழற்றினால் காய்ந்த களிம்பு எளிதில் விடும். சில்லைச் சுற்றி வில் கோத்த நான்கு திருகாணிகள். ஒன்றையே முழுதும் கழற்றாமல், கட்டிலுக்குக் கயிறு தளர்த்துவதுபோல் எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். இல்லையேல் ஒருபக்க அழுத்தத்தில் சில்லின் ஓரம் உடையலாம். பிறகு மேலே இழுக்காமல், இடமும் வலமும் மெல்லத் திருகினால் குளிர்விப்பான் பிரிந்து வரும். விசிறியின் மெல்லிய கம்பி கார்டோடு இணைந்திருக்கும். அதைக் கழற்றிய பின்பே தூக்க வேண்டும்.

திறந்து பார்த்தால் எதிர்பார்த்த காட்சியே. சாம்பல் நிறப் பொருக்கு, நடுவே வயல் வெடிப்பு. “அண்ணே, எங்க ஊரு ஆத்துமண்ணு மாதிரி இருக்கு!” என்றார் விளக்குப் பிடித்தவர். நூல் பிரியாத துணியை ஆல்கஹாலில் நனைத்துத் துடைக்கத் துடைக்க, அடியில் இருந்த சில்லு கண்ணாடியாகப் பளபளத்தது. ஒரு கறை இல்லை. ஒரு கீறல் இல்லை. ‘கதம் ஹோ கயா’ என்று தீர்ப்பளிக்கப்பட்ட பொருள்! நினைவகச் சில்லுகளின்மேல் மெத்தென்ற ஒட்டுகள் உண்டு. ஒன்று கிழிந்திருந்தது. அவற்றின் தடிப்பை வெர்னியரால் அளந்து, அதே 1 மில்லிமீட்டரில் புதியதை வெட்டி வைத்தோம். தடிப்பு மிகுந்தால் குளிர்விப்பான் சில்லின்மேல் சரியாக அமராது. குறைந்தால் நினைவகம் குளிராது. புதுக் களிம்பைச் சில்லின் முழுப் பரப்பும் மூடுமாறு மெல்லியதாகத் தடவி, கழற்றிய முறையிலேயே எதிரெதிராக முடுக்கினோம்.

அன்று மாலை அறை 37 டிகிரி. வேலையை ஓட விட்டு அரைமணி காத்திருந்தோம். 71. விசிறி ஒலி அடங்கி, பக்கத்து அறைக் கூலர் சத்தம் கேட்டது. வேறுபாடு 54-லிருந்து 34-க்கு இறங்கியிருந்தது. சிறகுகளைத் தொட்டுப் பார்த்தேன். இப்போதுதான் அவை உண்மையாகச் சுட்டன. கார்டு குளிர்ந்ததற்கு அடையாளம், சிறகு சுடுவது. சூடு வெளியே வந்து நின்றது.

தந்தையாரிடம் சொன்னேன். “அப்பம் 17,000 மிச்சமாலே?” என்று மட்டும் கேட்டார்.

பதினான்காம் நாள் 600 நானோ வினாடியும் முடிந்தன. முடிவுகளை ஆராய்ந்து எழுத எட்டு நாள் இருந்தது. குறித்த தேதியில் ஆய்வேடு போய்ச் சேர்ந்தது.

புதியது வாங்கியிருந்தால் பழையது எங்கே போயிருக்கும் என்றும் எண்ணிப் பார்த்தேன். வடகிழக்குத் தில்லியில் சீலம்பூர் என்று ஒரு பகுதி. நாட்டின் கழிந்துபோன கணிப்பொறிகளும் கைப்பேசிகளும் வந்து குவியும் பெருஞ்சந்தைகளில் ஒன்று. அங்கும் அதைச் சுற்றிய ஊர்களிலும், ஏழை மக்கள் வெறுங்கையால் அவற்றை உடைத்துப் பிரிக்கிறார்கள். செம்புக்காகக் கம்பியை எரிப்பதும், உலோகத்துக்காகப் பலகைகளை அமிலத்தில் இடுவதும் அத்தொழிலில் உண்டு. மின்னணுக் கழிவுக்கென 2022 இல் இயற்றிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. இருந்தும் நாம் ‘கதம்’ என்று தூக்கிப் போடும் ஒவ்வொரு கார்டும் யாரோ ஒருவருடைய நுரையீரலுக்குப் போகும் வாய்ப்பு இன்னும் அகலவில்லை. ஒரு பொருள் ஐந்தாண்டு கூடுதலாக உழைத்தால் அந்தப் புகை ஐந்தாண்டு தள்ளிப் போகிறது.

நண்பர்களே, ஒன்று சொல்லி முடிக்கிறேன். விளக்குப் பிடித்த அந்த இளைய மாணவர், முதல் பருவத்தில் ஒரு தாளில் தவறியவர். வகுப்பில் பாடம் ஆங்கிலம், வேடிக்கைப் பேச்சும் விளக்கமும் இந்தி. இரண்டுக்கும் நடுவில் வாய் திறவாமல் உட்கார்ந்து, ஊருக்கே திரும்பிவிடலாமா என்று என்னிடம் கேட்டவர். பன்னிரண்டாம் வகுப்பில் மாவட்டத்திலேயே பெயர் சொல்லப் படித்த பிள்ளை. அவருக்கும் தீர்ப்பளிக்க ஆட்கள் இருந்தார்கள். அந்தப் பளபளத்த சில்லை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மறுவாரம் முதல் நாங்கள் நால்வர் இரவு உணவுக்குப் பின் அவரோடு அமர்ந்து அன்றைய பாடத்தைத் தமிழில் பேசத் தொடங்கினோம். இரண்டாம் பருவத்தில் அவர் எல்லாத் தாளிலும் தேறினார். இன்று அவரே இரண்டு புதிய மாணவருக்கு இந்தி எழுத்துக் கற்பிக்கிறார்.

நம் சங்கத்தைப் பற்றி ‘இதனால் என்ன பயன்?’ என்று கேட்போர் உண்டு. அது ஆசிரியருமன்று, பெற்றோருமன்று. பெரிய வன்மையுடையதும் அன்று. செம்புக்கு முன் களிம்பு போன்றது. ஆயினும் இரண்டு நல்ல உலோகங்கள் ஒன்றையொன்று தொட முடியாத இடத்தில் அது புகுந்து நிரப்புகிறது. காய்ந்து போகாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

இந்த ஆடியில் நான் ஊர் திரும்புகிறேன். கணிப்பொறியின் ஆறாம் வாரிசு, விளக்குப் பிடித்த அதே தம்பிதான். மேசை இழுப்பறையில் திருப்புளியும், பாதிக் குழாய் களிம்பும், 1 மில்லிமீட்டர் ஒட்டில் மீதியும் இருக்கின்றன. எந்த அறையில் எந்தக் கணிப்பொறி இரைந்தாலும், கடைத்தெருவுக்குக் கிளம்புமுன் அவரைப் போய்ப் பாருங்கள். முதலில் மோந்து பார்க்கச் சொல்வார்.